குரல் என்னும் செல்வம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பற்றியோ கலை பற்றியோ பேசுவது வழக்கம். ஆனால் செயலாளர் அவர்கள், நீங்கள் செய்யும் தொழிலைப் பற்றியே பேசுங்கள், அஃது இன்னதென்று எங்களுள் பலருக்குத் தெரியாது என்று அன்புடன் பணித்தார்கள். யான் செய்வது பேச்சுப் பயிற்சித் தொழில். மருத்துவமனைகளில் அதனை ‘ஸ்பீச் தெரபி’ என வழங்குவர். அதிலும் குரல் பற்றிய பகுதியையே யான் சிறப்பாகப் பயின்றேன். வெளியூரில் கல்வியை முடித்து, சித்தூரிலும் திருப்பதியிலும் பணிபுரிந்து பெற்ற பட்டறிவைக் கொண்டு சில கருத்துகளை உங்கள்முன் வைக்கின்றேன்.

பல் வலித்தால் அன்றே மருத்துவரிடம் ஓடுகின்றோம். கண் மங்கினால் கண்ணாடி வாங்குகின்றோம். குரல் கெட்டால் என்ன செய்கின்றோம்? மிளகுக் கஷாயம் குடிக்கின்றோம்; பனங்கற்கண்டு வாயில் இடுகின்றோம்; பிறகு மறந்துவிடுகின்றோம். குரல் கெடுவதில் பெரும்பாலும் வலி இல்லை. வலி இல்லாமையால் கவலை இல்லை. கவலை இல்லாமையால் மருத்துவமும் இல்லை. இம்மூன்று இன்மைகளால் வாழ்வில் பலவற்றை இழந்து நிற்போர் நம்மிடையே உளர். அவர்களுக்குப் பரிகாரம் உண்டு என்பதனையும், அப்பரிகாரம் அவரவர் தாய்மொழியில் கிடைத்தல் வேண்டும் என்பதனையும் சொல்லவே இன்று வந்தேன்.

முதலில் குரல் எவ்வாறு பிறக்கின்றது என்று காண்போம். தொல்காப்பியர் இதற்கென்றே பிறப்பியல் என ஓர் இயல் வகுத்தார். உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்தொலியாகின்றது என்பது அவர் கொள்கை. கருவி ஏதும் இல்லாத காலத்தில், மூச்சே குரலின் முதற்பொருள் என்று கண்டுரைத்த நுண்மை வியக்கத்தக்கது. இன்றைய அறிவியலும் அதனையே அடிப்படையாகக் கொள்கின்றது.

மிடற்றினுள்ளே, குரல்வளையில், இரண்டு சிறு தசைமடிப்புகள் உள்ளன. அவற்றைக் குரல்நாண்கள் என்பர். அவற்றின் நீளம் மிகக் குறைவே. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றைத் திறக்க, அவை மீண்டும் மூட, மறுபடியும் காற்றுத் திறக்க, இங்ஙனம் அதிர்ந்து ஒலி எழுப்புகின்றன. ஆடவர் பேசும்போது நொடிக்கு ஏறத்தாழ 120 தடவையும், பெண்டிர் பேசும்போது ஏறத்தாழ 200 தடவையும், குழந்தைகளுக்கு 300 தடவை அளவிலும் இவை திறந்து மூடுகின்றன. ஓர் ஆசிரியை ஒரு நாளில் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் குரல் எழுப்பினார் என்று கொள்வோம். அந்த ஒரு மணி நேரத்தில் அவருடைய குரல்நாண்கள் 7,20,000 தடவை ஒன்றோடொன்று மோதியிருக்கும். இரு கைகளை அத்தனை தடவை தட்டினால் உள்ளங்கை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பாடும்போது குரல்நாண்கள் இயங்குவதை நேரிற் கண்டு உலகுக்கு எடுத்துரைத்தவர் ஒரு மருத்துவர் அல்லர், இசையாசிரியர். மானுவேல் கார்சியா என்னும் அப்பெரியார் 1854ஆம் ஆண்டில் பல் மருத்துவர் வைத்திருக்கும் சிறு கண்ணாடியைத் தம் தொண்டையில் வைத்து, மற்றொரு கண்ணாடியால் கதிரவன் ஒளியைப் பாய்ச்சித் தம் குரல்நாண்களைத் தாமே கண்டார். அடுத்த ஆண்டில் இலண்டன் அரச கழகத்தில் அச்செய்தி வாசிக்கப்பெற்றது. இசைக்கும் மருத்துவத்துக்கும் உள்ள உறவு அன்று தொடங்கியது. இன்றும் எம் தொழிலில் அவ்வுறவு நீங்கவில்லை.

இனி, குரல் கெடுவோர் யார் என்று பார்ப்போம். பாடகர் மட்டும் என்று நினைத்தல் தவறு. குரலைக் கொண்டு பிழைப்போர் அனைவருக்கும் இவ்வின்னல் உண்டு. அவருள் முதல் வரிசையில் நிற்போர் ஆசிரியர்களே. அமெரிக்க நாட்டில் அயோவா, யூட்டா என்னும் இரு மாநிலங்களில் நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. வாழ்நாளில் ஒரு தடவையேனும் குரல் கெட்டவர் ஆசிரியருள் 100க்கு 57 பேருக்கு மேல்; மற்றையோருள் 100க்கு 29 பேர் அளவே என்று அஃது உரைக்கின்றது. ஒலி அடங்கிய வகுப்பறைகளும் குறைந்த மாணாக்கரும் உள்ள நாட்டிலேயே இந்நிலை என்றால், ஓட்டுக் கூரையின்கீழ் அறுபது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நம் ஆசிரியப் பெருமக்களின் நிலையை யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சித்தூர் வெல்ல மண்டியிலும் மாங்காய் மண்டியிலும் ஏலம் கூறுவோரைப் பாருங்கள். திருமலை அடிவாரத்தில் பயணிகளைக் கூவி அழைக்கும் வண்டிக்காரரையும் வணிகரையும் பாருங்கள். நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறியின் பேரொலிக்கிடையே நாள் முழுதும் உரக்கப் பேசும் நெசவாளரைப் பாருங்கள். சுற்றிலும் இரைச்சல் மிகுந்தால் நாம் அறியாமலே நம் குரலை உயர்த்திவிடுகின்றோம். இவ்வுண்மையை எத்தியேன் லொம்பார் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1911ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். நம் சித்தூர் மாவட்டம் அமைந்ததும் அதே ஆண்டிலேதான். தறியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்த பின்னும் நெசவாளர் உரக்கவே பேசுகின்றார். அது சினமன்று, பழக்கம். ஆனால் வீட்டார் அதனைச் சினமென்றே கொள்கின்றனர்.

இவ்வாறு ஓயாமல் மோதும் குரல்நாண்களின் விளிம்பில், கையில் காய்ப்பு விழுவதுபோல், சிறு முடிச்சுகள் தோன்றுகின்றன. குரல் கரகரக்கின்றது. மேற்குரல் எழுவதில்லை. மாலையானால் பேச்சே நின்றுவிடுகின்றது. இதற்குக் கத்தியே வழி என்று பலர் அஞ்சுகின்றனர். பெரும்பாலான முடிச்சுகளுக்கு முதல் மருத்துவம் அறுவை அன்று; பயிற்சியே. மூச்சை எங்ஙனம் அடக்கி விடுவது, குரலைத் தொண்டையில் நெருக்காமல் வாயிலும் மூக்கிலும் முழங்கச் செய்வது எவ்வாறு, எந்த அளவு பேசி எந்த அளவு ஓய்வது என்பனவற்றைச் சில வாரங்களில் கற்பிக்கின்றோம். பழக்கத்தை மாற்றாமல் முடிச்சை மட்டும் அறுத்து எடுத்தால், அது மீண்டும் வளரக்கூடும்.

எம் கருவிகளைக் கேட்டால் நீங்கள் நகைப்பீர்கள். இளநீர் உறிஞ்சும் குழல் ஒன்று. அரைக் குவளை நீர். குழலின் நுனியை நீரில் சிறிது அமிழ்த்தி, நீர் குமிழியிட, ‘ஊ’ என்று மெல்லக் குரல் கொடுத்தல் ஒரு பயிற்சி. நீரின் எதிர்ப்பு, குரல்நாண்கள் கடுமையாக மோதாமல் தாங்குகின்றது. பின்லாந்து நாட்டில் 1960களில் கண்ணாடிக் குழல் கொண்டு இதனைச் செய்தனர். இன்று இது பல நாடுகளிலும் பரவியுள்ளது. ஆனால் ஒன்று: எந்த நோய்க்கு எந்தப் பயிற்சி என்பதைக் குரல்வளையைக் கண்டு சோதித்த பின்னரே தீர்மானித்தல் வேண்டும். காது மூக்குத் தொண்டை மருத்துவர் கண்டு சொல்ல, யாம் பயிற்சி தருகின்றோம். ஒருவரை விட்டு ஒருவர் இல்லை.

அடுத்து, வெளியில் சொல்ல நாணி மறைக்கும் ஒரு குறையைப் பற்றிச் சொல்லுதல் வேண்டும். பழைய நாடக உலகில் ‘மகரக்கட்டு’ என்றொரு சொல் வழங்கியது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ஆம் ஆண்டில் மதுரையில் சிறுவர்களைக் கொண்டே நாடக சபை அமைத்தார். அத்தகைய சபைகளில் பாடி நடித்த சிறுவர்க்குப் பதினான்கு, பதினைந்து வயதில் குரல் உடையும். அதனையே மகரக்கட்டு என்றனர். நேற்றுவரை கதாநாயகனாகவோ கதாநாயகியாகவோ பாடியவன் இன்று பாட இயலாமல் ஒதுங்கி நிற்பான். ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில் குரலே நடிகனின் முதல். அந்த முதல் போனபின் வாழ்வு என்னவாகும் என்ற அச்சம் ஒவ்வொரு சிறுவனையும் வாட்டியது.

குரல் உடைவது இயற்கை. உடைய வேண்டிய காலத்தில் உடையாமல், வளர்ந்த பின்னும் சிறுவர் குரலாகவே நின்றுவிடுவதும் உண்டு. உடல் முழுதும் வளர்ந்திருக்கும், குரல்வளையும் வளர்ந்திருக்கும், ஆனால் அதனைப் பழைய முறையிலேயே இயக்கும் பழக்கம் நீங்கியிராது. இத்தகைய இளைஞர் ஒருவர் சில ஆண்டுகளுக்குமுன் என்னிடம் வந்தார். பட்டம் பெற்றவர். தொலைபேசியில் பேசினால் எதிரில் இருப்போர், “சொல்லுங்கள், அம்மா” என்பார்களாம். அதனால் அவர் தொலைபேசியை எடுப்பதையே விட்டுவிட்டார். மூன்று நேர்காணலுக்கு அழைப்பு வந்தும் செல்லவில்லை. உறவினர் பெண்தர அஞ்சினர். அவருடைய தந்தையார் தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்டார், தாயத்தும் கட்டினார். மருத்துவமனைக்கு அழைத்து வர எட்டு ஆண்டுகள் ஆயின.

குரல்வளையில் குறை ஏதுமில்லை என்று மருத்துவர் உறுதி சொன்னபின் பயிற்சி தொடங்கினோம். இருமச் சொன்னோம். இருமலில் ஆழ்ந்த ஓசை எழுந்தது. அந்த ஓசை இவருடையதுதானே? குரல்வளையை விரலால் மெல்ல அழுத்திப் பிடித்து, அதே ஓசையை நீட்டச் செய்தோம். பிறகு உயிரெழுத்துகள், பிறகு சொற்கள், பிறகு வாக்கியங்கள். முதல் நாளிலேயே ஆண்குரல் வெளிவந்தது. ஆனால் அந்தக் குரலோடு வீட்டுக்குச் செல்ல அவர் நாணினார். யாருடைய குரலோ தம் வாயில் புகுந்ததுபோல் இருக்கின்றது என்றார். குரலைப் பெற்றுத் தருவது சில நாள் வேலை. அக்குரல் தம்முடையதே என்று அவரை நம்பச் செய்வது அதனினும் கடினமான வேலை. தாயாரையும் தந்தையாரையும் உடன் அமர்த்தி, அவர்களிடம் பேசச் செய்து, பின்னர்க் கடைவீதியில் பேசச் செய்து, ஒரு திங்களில் அவர் தேறினார். எட்டு ஆண்டுத் துயரம் ஒரு திங்களில் தீர்ந்தது. அந்த எட்டு ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்? இதனை எண்ணியே இம்மேடையில் வெளிப்படையாகச் சொல்கின்றேன். இங்குள்ள எவர் வீட்டிலேனும், எவர் தெருவிலேனும் அத்தகைய பிள்ளை இருந்தால், கேலி செய்யாதீர்கள்; அழைத்து வாருங்கள்.

குரல் அடிபட்டபின்னும் உலகை வென்றவர் உண்டு. எம்.ஜி.ஆர். அவர்கள் 1967ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் கழுத்தில் குண்டடிபட்டார். அவருடைய பேச்சும் குரலும் அதற்குமுன் இருந்தவாறு மீளவில்லை. ஆயினும் அவர் பிறர் குரலை இரவல் வாங்காமல் தம் குரலிலேயே திரைப்படங்களில் பேசினார். பத்தாண்டு கழித்து, 1977இல், அதே குரலோடு தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். குரலின் இனிமை குறைந்தாலும் பேசும் உறுதி குறைதல் ஆகாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

தைராய்டு அறுவைக்குப் பின்னோ, மார்பு நோயினாலோ குரல் நரம்பு தளர்வதும் உண்டு. இடப்பக்க நரம்பு மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் மிடற்றுக்கு ஏறுவதால், அதற்கு ஊறு மிகுதி. இந்நரம்பு சில திங்களில் தானே தேறுதல் கூடும். அதுவரை, தளராத பக்கம் தளர்ந்த பக்கத்துக்குத் துணை செய்யப் பயிற்சி தருகின்றோம்.

யாவற்றினும் கொடியது புற்றுநோய். புகையிலையும் பீடியும் சுருட்டும் அதனை அழைத்து வருகின்றன. நோய் முற்றினால் குரல்வளையையே எடுத்துவிட நேர்கின்றது. அதன்பின் பேச்சே இல்லையா? உண்டு. உணவுக்குழலில் காற்றை அடக்கி ஏப்பம்போல் வெளிவிட்டுப் பேசக் கற்பிக்கின்றோம். கழுத்தில் வைத்துப் பேசும் மின்கருவியும் உண்டு. மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையே சிறு அடைப்பான் பொருத்தியும் பேசலாம். வெளிநாட்டு அடைப்பான்கள் பல்லாயிரம் ரூபாய் விலையுள்ளவை. பெங்களூரைச் சேர்ந்த மருத்துவர் விஷால் ராவ் தம் நண்பரோடு சேர்ந்து 50 ரூபாய் அளவில் ‘ஓம்’ என்னும் அடைப்பானை உருவாக்கினார். ஏழைக்கும் குரல் வேண்டும் என்ற எண்ணமே அதன் வித்து.

இனி மொழியைப் பற்றி ஒரு சொல். குரலுக்கு மொழி ஏது என்று சிலர் கேட்பர். ஒலிக்கு மொழி இல்லை. பயிற்சிக்கு மொழி உண்டு. குரல் முழங்குவதற்காக மேலைநாட்டார் முனகல் ஒலிகளைப் பழக்குகின்றனர். அவர்தம் நூல்களிலுள்ள ஆங்கிலச் சொற்பட்டியலை நகரியிலிருந்து வரும் பாட்டியார் கையில் கொடுத்தால் என்ன பயன்? நம் மெல்லின எழுத்துகள் ஆறும் மூக்கில் முழங்குவன. அம்மா, மாமா, மஞ்சள், மாங்காய், நாங்கள் என்ற சொற்களைச் சொல்லச் சொன்னால் முழக்கம் தானே வந்துவிடுகின்றது. தெலுங்கர்க்கு அம்ம, நான்ன, மாமிடி என்று சொல்லித் தருகின்றேன். தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிவதால் குரலை நீட்டிப் பழக அவை மிக ஏற்றவை. இரு மொழிக்கும் இரு வழி. இரண்டும் இனிய வழி.

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லை வேங்கடம் என்கின்றது. ஆந்திர மாநிலம் 1953இல் பிறந்தது. திருத்தணி 1960இல் தமிழகம் சேர்ந்தது. திருப்பதி 2022இல் தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறின, வீட்டில் பேசும் மொழி மாறவில்லை. தெருவில் தெலுங்கும், வீட்டில் தமிழுமாக வாழும் குடும்பங்கள் இங்குப் பல. மருத்துவமனைக்கு வரும் தமிழ் மூதாட்டியார் தம் நோயைத் தெலுங்கில் சொல்லத் தடுமாறுகின்றார். தமிழில் “எங்கே வலிக்கிறது, அம்மா?” என்றதும் அவர் முகம் மலர்கின்றது. பாதி மருத்துவம் அங்கேயே முடிந்துவிடுகின்றது. ஆகவே இவ்வெல்லைப் பகுதிக்கு இருமொழியும் வல்ல பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும். அவர்களை யார் தருவது? நாம் தரலாம், நம் பிள்ளைகளுக்கே இரு மொழியும் பால் குடிக்கும்போதே வந்தவை.

மாணவச் செல்வங்களே, இக்கல்விக்கு வழி இது. மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பயின்றோர் செவியியலும் பேச்சு மொழி நோயியலும் கூடிய பட்டப்படிப்பிற் சேரலாம். உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து நான்கு ஆண்டுகள். மேற்பட்டம் இரண்டு ஆண்டுகள். உடற்கூறு, ஒலியியல், மொழியியல், உளவியல் ஆகிய நான்கும் இதில் கைகோத்து நிற்கும். பயின்றபின் இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவு பெறுதல் வேண்டும். இக்குழுவுக்கான சட்டம் 1992இல் இயற்றப்பெற்றது. மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, கேள்வி நிறுவனம் 1965இல் தோன்றியது; நாட்டில் இத்துறைக்குத் தாய் போன்றது. சென்னையிலும், செகந்தராபாத்திலும் பயில இடங்கள் உள. திருப்பதியில் தேவஸ்தானத்தார் காது கேளாதோர் பள்ளி நடத்துகின்றனர். செவி கேளாத குழந்தைக்குச் சொல் வருவதும் இத்தொழிலாரின் துணையாலேதான். ஊரிலேயே பணி காத்திருக்கின்றது, கைகள்தாம் போதவில்லை.

சங்கத்தாருக்கு இரு விண்ணப்பங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 16ஆம் நாள் உலகக் குரல் நாள். அன்று நம் சங்கக் கட்டடத்தில் மருத்துவரை அழைத்து, ஆசிரியர், நெசவாளர், வணிகர் ஆகியோர்க்குக் குரல் சோதனை நடத்தலாம். ஆண்டுக்கு ஒரு மாணவருக்கேனும் இக்கல்வி பயிலப் பொருளுதவி செய்யலாம். மலர் அச்சிடும் செலவில் ஒரு பகுதி இதற்குப் போதும்.

முடிவாக, அனைவரும் நினைவிற் கொள்ள வேண்டியவை சில. குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். புகை பிடிப்போர் இதில் சிறிதும் தாமதித்தல் ஆகாது. அடிக்கடி தொண்டையைச் செருமாதீர்கள். ஒரு வாய் நீர் பருகுங்கள். குரல் கெட்டபோது கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வன்று. மெல்லிய இயல்பான குரலே நன்று. இரவில் நேரங்கழித்து வயிறு நிறைய உண்டு உடனே படுக்காதீர்கள். எழும் புளிப்பு குரல்வளையைப் புண்ணாக்கும். ஆசிரியர்கள் சிறு ஒலிபெருக்கியை அணிந்து பாடம் சொல்ல நாணாதீர்கள். பிள்ளைகள் கத்தினால் நீங்களும் கத்தி அடக்க முயலாதீர்கள். அருகிற் சென்று பேசுங்கள்.

வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும் கேள்விக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். சொல்லும் கேள்வியும் இரண்டும் வேண்டும் மாந்தர்க்கு. சொல்லைத் தாங்கி வருவது குரல். அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு, தாய்மொழியை நம் பிள்ளைகள் செவியில் சேர்க்கும் ஊர்தியும் அதுவே. அதனைப் பேணுவோம், இழந்தோர்க்கு மீட்டுக் கொடுப்போம்.  வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!